டாங்கி வாங்கிய மன்னர்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வரும் தோழர்களுக்கு மணலியின் சுடர் புதிதல்ல. எண்ணூர் தாண்டியதும் மேற்குப் பக்கத்து வானம் இரவில் சிவந்து தெரியும். இரண்டாம் ஷிப்டு முடிந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவரும் தொழிலாளிகூட அந்த வெளிச்சம் கண்ணில் பட்டதும் பையைத் தேடி எடுத்துக்கொள்வார். 2018 வரையில் மணலி நமது திருவள்ளூர் மாவட்டத்துக் கணக்கில்தான் இருந்தது. பிறகு சென்னை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த எண்ணெய் ஆலையில் பாரசீகத்து மன்னர் ஒருவருக்குக் கை இருந்தது என்று சொன்னால் இன்றைய இளந்தோழர்கள் நம்புவார்களா? ஆனால் உண்மை அதுதான். 1965-ல் மதராஸ் ரிபைனரீஸ் கம்பெனி அமைக்கப்பட்டபோது நூற்றுக்கு 74 பங்கு இந்திய சர்க்காருக்கு. 13 பங்கு அமோகோ என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு. மீதி 13 பங்கு ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு. 1969-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது அதற்குள் பாய்ந்தது ஈரானின் கடலடிக் கிணற்று எண்ணெய். ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனி என்றால் அந்நாளில் அது யார்? பெயரில் தேசம், பிடியில் ஷா!

எண்ணெய் கிடைத்த நாட்டுக்கு என்ன குறை என்று நம்மிடம் கேட்கும் தோழர்கள் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு வெல்டராகவும் பிட்டராகவும் போய்த் திரும்பியவர்கள் அங்கே கண்ட பளபளப்பை டீக்கடைகளில் வருணிக்கிறார்கள். நிலத்தைத் தோண்டினால் பணம். அந்தப் பணம் எங்கே போகிறது? இதை அறிய, ஈரானின் கடைசி ஷா முகம்மது ரெசா பஹ்லவியின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் வேறில்லை என்பது நமது கருத்து.

1919 அக்டோபர் 26-ல் டெஹ்ரான் நகரில் பிறந்தபோது அவர் அரச குமாரர் அல்ல. தகப்பனார் ரெசா கான் கோசாக் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, துப்பாக்கியின் பலத்தால் படிப்படியாக மேலே வந்தவர். 1921-ல் படையோடு தலைநகருக்குள் புகுந்தார். 1925-ல் பழைய வம்சத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தாமே ஷா ஆனார். ஆறு வயதுப் பையன் பட்டத்து இளவரசன் ஆகிவிட்டான்.

இதற்கு முன்பே அந்த மண்ணில் எண்ணெய் பீறிட்டுவிட்டது. 1908-ல் மஸ்ஜித் சுலைமானில் முதல் கிணறு. மறு ஆண்டே வெள்ளையரின் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி. 1914-ல் அந்தக் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை பிரிட்டிஷ் சர்க்காரே வாங்கிக்கொண்டது. எதற்கு? தனது போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றுவதற்கு. ஈரான் எண்ணெயின் முதற்பெரும் வாடிக்கைக்காரனே பீரங்கிக் கப்பல்தான்.

தகப்பனார் செய்த ஒரு காரியத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த ராயல்டிப் பணத்தை அவர் நாட்டின் சாதாரண வரவு செலவில் சேர்க்கவில்லை. லண்டனில் தனிக் கணக்கில் வைத்தார். அதிலிருந்து பெரும்பாலும் ஆயுதங்கள் வாங்கப்பட்டன. அதே காலத்தில் பாரசீக வளைகுடாவையும் காஸ்பியன் கடலையும் இணைக்கும் ரயில் பாதை ஒன்று போடப்பட்டு 1938-ல் முடிந்தது. அதற்கு எங்கிருந்து பணம்? தேயிலைக்கும் சர்க்கரைக்கும் போட்ட வரியிலிருந்து! ஏழை குடித்த தேநீரில் தண்டவாளம்; எண்ணெய்ப் பணத்தில் துப்பாக்கி. பின்னால் மகன் காலத்தில் நடந்தது முழுவதற்கும் வித்து இங்கேதான் இருக்கிறது.

அந்தத் துப்பாக்கிகள் என்ன ஆயின? 1941 ஆகஸ்ட் 25-ல் பிரிட்டனும் சோவியத் நாடும் இரு புறமும் நுழைந்தன. தகப்பனார் பதினாறு வருஷம் ஊட்டி வளர்த்த சேனை நான்கு நாள் தாங்கவில்லை. அபாதானில் இறங்கிப் பிடித்தவர்கள் யாரென்றால், வெள்ளையன் அனுப்பிய இந்தியச் சிப்பாய்கள். பெரிய ஷா முடி துறந்து நாடு கடத்தப்பட்டு, 1944-ல் தென்னாப்பிரிக்காவில் மாண்டார். ஸ்விட்சர்லாந்தில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும், டெஹ்ரான் இராணுவக் கல்லூரியிலும் படித்திருந்த மகன், 21 வயதில் சிம்மாசனம் ஏறினார். ஆயுதம் காப்பாற்றாது என்ற பாடத்தை இதிலிருந்து கற்றிருக்கலாம். அவர் கற்றதோ, தகப்பனாரிடம் இருந்த ஆயுதம் போதவில்லை என்பதை!

அபாதானைப் பற்றிச் சற்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலை அங்கே இருந்தது. தொடக்க நாட்களில் நம் நாட்டுக் கைத்தொழிலாளர்களையும் குமாஸ்தாக்களையும் கப்பல் கப்பலாக அங்கே கொண்டுபோனார்கள். வெள்ளை அதிகாரிக்குப் புல்தரையும் நீச்சல் குளமும். ஈரான் தொழிலாளிக்கு மண் குடிசை. தகரத்தாலும் அட்டையாலும் கட்டிய ஒரு சேரிக்கு காகஸாபாத் என்று பெயர். காகித ஊர் என்று பொருள். 1946 ஜூலையில் எண்ணெய்த் தொழிலாளர்கள் பெரும் வேலை நிறுத்தம் செய்தபோது, பக்கத்து நாட்டு பஸ்ரா துறைமுகத்துக்கு இந்தியப் படையை அனுப்பி மிரட்டியது பிரிட்டன். நம் நாட்டுச் சிப்பாயின் துப்பாக்கி, இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் மார்புக்கு நேராக! அப்போது நமக்குச் சுதந்திரம் வர இன்னும் ஓராண்டு இருந்தது.

ஈரானுக்குக் கம்பெனி கொடுத்த ராயல்டியைவிட பிரிட்டிஷ் கஜானாவுக்கு அது கட்டிய வரி அதிகமாக இருந்தது. மக்கள் பொறுப்பார்களா? 1951 மார்ச்சில் ஈரான் பார்லிமெண்ட் எண்ணெய்த் தொழிலைத் தேச உடைமை ஆக்கிற்று. அடுத்த மாதம் மொசாதிக் பிரதமரானார். பிரிட்டன் போர்க்கப்பலை நிறுத்தி எண்ணெய் ஏற்றுமதியை முடக்கியது. இரண்டு வருஷம் எண்ணெய்ப் பணம் இல்லாமலே நாட்டை ஓட்டினார் அந்தக் கிழவர். மன்னரின் கையிலிருந்து இராணுவ இலாகாவையும் வாங்கிக்கொண்டார். படைச் செலவைக் குறைத்தார். ஷாவுக்கு எது அதிகம் வலித்தது, எண்ணெய் போனதா, இராணுவம் போனதா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்போம்.

1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு இலாகாக்கள் சேர்ந்து சதி செய்தன. முதல் முயற்சி தோற்றவுடன் ஷா விமானமேறி பாக்தாத்துக்கும் அங்கிருந்து ரோமுக்கும் ஓடினார். சில நாட்களில் படை டெஹ்ரானைப் பிடித்தது, மொசாதிக் சிறை சென்றார், ஓடியவர் திரும்பினார். 1954-ல் எண்ணெய் புதிய கூட்டுக் கம்பெனிக்குப் போனது. பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு நூற்றுக்கு 40. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40. மற்றது ஷெல்லுக்கும் பிரெஞ்சுக் கம்பெனிக்கும். லாபத்தில் பாதி ஈரானுக்கு என்று ஒப்பந்தம். பணம் முன்னைவிட அதிகமாக வந்தது. 1957-ல் சவாக் என்ற ரகசியப் போலீஸும் வந்தது.

பிற்பாடு பிரதமரான அலி அமினி, பற்றாக்குறையைச் சமாளிக்க இராணுவச் செலவைக் குறைக்கலாம் என்றார். ஷா இசையவில்லை. 1962 ஜூலையில் அமினி வீட்டுக்குப் போனார். 1964-ல் ஈரானிலுள்ள அமெரிக்க இராணுவத்தார் எக்குற்றம் செய்தாலும் ஈரான் கோர்ட்டு விசாரிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். பின்னோடே ஆயுதம் வாங்க 20 கோடி டாலர் கடனும் வந்தது. அதைக் கண்டித்துப் பேசிய கொமேனி நாடு கடத்தப்பட்டார். பதினான்கு ஆண்டு கழித்து அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டது.

ஷா நல்லதே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார். 1962-ல் நிலச் சீர்திருத்தம் தொடங்கினார், 1963-ல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தார், கிராமங்களுக்குப் படித்த இளைஞர்களை ஆசிரியர்களாக அனுப்பினார். சோவியத் உதவியோடு இஸ்பஹானில் உருக்காலையும் எழுந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பட்ஜெட்டில் முதல் பந்தி யாருக்கு என்று பார்த்தால் படைக்குத்தான். பள்ளிக்கூடம் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தது.

1971-ல் பிரிட்டன் வளைகுடாவிலிருந்து படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. காலியான போலீஸ்காரன் வேலைக்கு ஷா மனுப் போட்டார். அந்த அக்டோபரில் பெர்ஸிபோலிஸ் பாழ்நகரில் 2,500 ஆண்டு முடியாட்சி விழா. விருந்துக்கு பாரிஸிலிருந்து சமையல். அடுத்த மாதக் கடைசியில் வளைகுடாவின் மூன்று தீவுகளில் ஈரான் படை இறங்கியது. 1972 மே மாதம் நிக்சன் டெஹ்ரானுக்கு வந்தார். அணு ஆயுதம் தவிர எதைக் கேட்டாலும் விற்பதாக உறுதி தந்தார். கடைக்காரனே கடையின் சாவியைக் கொடுத்துவிட்டான். இனிப் பணம்தான் வேண்டும்.

பணமும் வந்தது. 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் யுத்தம். எண்ணெய் விலை பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்தது. டிசம்பரில் டெஹ்ரானிலேயே கூடி அதை 11 டாலர் 65 செண்ட் ஆக்கினார்கள். முன்னின்று ஏற்றியவர் ஷா. ஈரானின் எண்ணெய் வருமானம் ஒரே ஆண்டில் சுமார் 500 கோடி டாலரிலிருந்து சுமார் 2,000 கோடி டாலராக ஏறியது. 1970-ல் நூறு கோடி டாலருக்கும் கீழே இருந்த படைச் செலவு, 1977-க்குள் 700 கோடிக்கு மேல் போய்விட்டது. நான்கு லட்சம் பேர் கொண்ட சேனை. பிரிட்டனிலிருந்து 700-க்கு மேற்பட்ட சீப்டன் டாங்கிகள். அமெரிக்காவிலிருந்து எப்-14 என்ற, அந்நாளில் உலகிலேயே விலையுயர்ந்த சண்டை விமானம் 80. அந்த விமானம் செய்யும் கிரம்மன் கம்பெனி 1974-ல் திவாலாகும் நிலையில் தள்ளாடியபோது, ஈரானின் மெல்லி பாங்கு அதற்கு ஏழரைக் கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. வாங்குகிறவனே விற்கிறவனுக்குக் கடன் கொடுத்த வியாபாரத்தை வேறு எங்கே கண்டோம்!

இதன் சூட்சுமம் என்ன? எண்ணெய் விலை ஏறியதும் மேல்நாடுகளிலிருந்து டாலர் வெளியே ஓடுகிறது. அதைத் திருப்பி இழுக்க வேண்டும். எதை விற்றால் நூறு நூறு கோடியாகத் திரும்பி வரும்? டாங்கியும் விமானமும்தான். அதோடு வியாபாரம் முடிந்துவிடாது. விமானத்தைப் பழுது பார்க்க ஆள் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும். பல்லாயிரம் அமெரிக்கர்கள் ஈரானில் வந்து தங்கினார்கள். வாங்கியதைக் காப்பாற்ற ஆண்டுதோறும் பணம். அந்தப் பணத்துக்கு இன்னும் எண்ணெய்.

இன்னொன்று. நமது ஆவடியை எண்ணிப் பாருங்கள். அதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான். 1965-ல் அங்கே வெளிவந்த விஜயந்தா டாங்கியின் வரைபடமும் பிரிட்டிஷ் கம்பெனியுடையதே. ஆனால் இரும்பை அறுத்ததும் பற்றவைத்ததும் நம் தொழிலாளி. அதற்கான பணம் நீங்களும் நாமும் சோப்புக்கும் பீடிக்கும் கொடுத்த வரி. ஆகவே எவ்வளவு செலவு, ஏன் செலவு என்று பார்லிமெண்டில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினருக்கு வாயுண்டு. நம் நாட்டு இராணுவச் செலவிலும் நமக்குக் குறைகள் உண்டு, அதை வேறொரு நாள் எழுதுவோம். ஷாவின் கஜானாவிலோ முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய்ப் பணம். குடிமக்களிடம் வரி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வரி கொடாதவன் கணக்குக் கேட்கவும் வழியில்லை. பார்லிமெண்ட் என்று ஒன்று இருந்தது. 1975-ல் மன்னர் கட்சி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கலைக்கப்பட்டது.

ஷா ஏற்றிய விலை நம் தலையிலும் விழுந்தது. இந்தியாவின் எண்ணெய் இறக்குமதிச் செலவு பல மடங்காயிற்று. மண்ணெண்ணெய்க் கடையில் வரிசை, அரிசி விலை ஏற்றம். 1974 மே மாதத்தில் இருபது நாள் நடந்த ரயில்வே வேலை நிறுத்தத்தின் பின்னணியில் அந்த விலைவாசியும் இருந்தது. அதே ஆண்டு ஷா நமக்கு எண்ணெய் வாங்கக் கடனும் கொடுத்தார். 1975-ல் கர்நாடகத்துக் குதிரேமுக் இரும்புச் சுரங்கத்துக்கு 63 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் செய்தார். அது முழுவதும் வந்து சேர்வதற்குள் அவர் ஆட்சியே போய்விட்டது.

ஈரானுக்குள் என்ன நிலை? சாமான் ஏற்றிய கப்பல்கள் துறைமுகத்தில் இறக்க இடமின்றி மாதக்கணக்கில் நின்றன. வீட்டு வாடகை வானத்தில் ஏறியது. கிராமத்தை விட்டு வந்தவன் டெஹ்ரானின் தெற்கே தகரக் கொட்டகையில் கிடந்தான். எண்ணெய் விற்பனை சற்றுத் தளர்ந்ததும் அவன் வேலை போயிற்று. 1978 செப்டம்பர் 8-ல் டெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் கூடிய மக்கள்மீது படை சுட்டது. மறுநாள் டெஹ்ரான் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

பிறகு இஸ்பஹான், ஷிராஸ், தப்ரீஸ், அபாதான். அக்டோபரில் எண்ணெய் வயல் முழுவதும். முதலில் கூலி கேட்டார்கள்; மன்னர் தாராளமாக உயர்த்த முன்வந்தார். அவர்கள் அதோடு நிற்கவில்லை. இராணுவச் சட்டத்தை எடு, அரசியல் கைதிகளை விடு, சவாக்கைக் கலை என்றார்கள். நாளுக்குச் சுமார் 60 லட்சம் பீப்பாய் எடுத்த நாட்டில் குழாய்கள் ஒவ்வொன்றாக வறண்டன. நவம்பரில் இராணுவ மந்திரிசபை அமைத்து, எண்ணெய் வயல்களுக்குச் சிப்பாய்களை அனுப்பினார் ஷா. துப்பாக்கி முனையில் சிலரை வேலைக்குத் திருப்ப முடிந்தது. டிசம்பரில் மறுபடி நிறுத்திவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் ஈரானிலிருந்து ஒரு பீப்பாய்கூட வெளியே போகவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று பார்க்கிறோம். எண்பதில் 79 எப்-14 வந்து சேர்ந்திருந்தது. டாங்கிகள் டெஹ்ரான் வீதிகளில் நின்றன. எதிரியோ, வால்வைத் திறக்கவும் மூடவும் தெரிந்த ஒரு தொழிலாளி. அவனைச் சுடலாம், சுட்டால் வால்வை யார் திறப்பது? சிப்பாய்க்கு அந்த வேலை தெரியாது. மன்னரின் படைக்குச் சம்பளம் வந்த வழியும் அந்த வால்வு வழியாகத்தான்.

1979 ஜனவரி 16-ல் ஷா நாட்டை விட்டுப் புறப்பட்டார். பிப்ரவரி 11-ல் இராணுவம் நடுநிலை என்று அறிவித்துவிட்டு முகாமுக்குள் போயிற்று. எகிப்து, மொராக்கோ, பகாமாஸ், மெக்சிகோ, அமெரிக்கா, பனாமா என்று அலைந்தார் மன்னர். உடம்பில் புற்றுநோய். ஆயுதம் விற்ற நண்பர்கள் ஒவ்வொருவரும் கதவைப் பாதி திறந்து பாதி மூடினார்கள். 1980 ஜூலை 27-ல் கெய்ரோவில் இறந்து, அங்கே அல் ரிபாய் மசூதியில் அடக்கமானார். முன்பு தகப்பனாரின் உடலும் சில காலம் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது.

வென்ற தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? புதிய ஆட்சியில் அவனது ஆலைக் குழுக்கள் நிலைக்கவில்லை. 1980 செப்டம்பரில், எண்ணெய்ப் பணத்திலேயே படை வளர்த்த இன்னொருவரான ஈராக்கின் சதாம் உசேன் படையெடுத்தார். அபாதான் முற்றுகையில் சிக்கியது, ஆலை எரிந்தது. எட்டு வருஷ யுத்தத்தில் ஷா வாங்கிய விமானங்களும் பறந்தன, உதிரிப் பாகம் இல்லாமல் தரையிலும் நின்றன. 1985-ல் சவுதி அரேபியா பிரிட்டனோடு செய்த ஆயுத ஒப்பந்தத்துக்கு விலையாகக் கப்பல் கப்பலாக எண்ணெயே போயிற்று. நடுவில் பணம் என்ற திரைகூட இல்லை. ஷா அமெரிக்காவில் கட்டச் சொன்ன நான்கு பெரிய போர்க்கப்பல்களை அமெரிக்கக் கடற்படையே எடுத்துக்கொண்டது. பின்னாளில் அவை தைவானுக்கு விற்கப்பட்டன.

மணலிப் பங்கு மட்டும் அப்படியே இருந்தது. 1985-ல் அமோகோ தன் பங்கை விற்றுவிட்டுப் போயிற்று. ஈரானின் பங்கு போகவில்லை. ஷாவின் காலத்தில் வெளிநாட்டில் போட்ட பணத்தில் டாங்கி ஆகாமல் ஆலை ஆனது அது. அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்தில் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. அதன் பிறகும் எண்ணூர் தாண்டினால் மேற்கே அந்தச் சுடர் எரிந்துகொண்டுதான் இருந்தது, வேறு நாட்டு எண்ணெயில்.